சோபா அக்காவின் பித்தப்பைக் கல்

அந்த மரச்சாமான் கடையில் விற்பனைக்கு ஆட்கள் பலர் இருந்தார்கள். மரத்தைத் தட்டிப் பார்த்தே வகை சொல்கிறவர்கள் உண்டு, தவணைத் திட்டத்தைத் தூக்கத்திலும் ஒப்பிக்கிறவர்கள் உண்டு. ஆனால் சோபா விற்க வேண்டுமென்றால் முதலாளி ஒரே ஒருத்தியைத்தான் கூப்பிடுவார்.

"அக்கா, கொஞ்சம் வந்து உக்காருங்க."

அக்கா வருவாள். தரைத்தளமே லேசாக அதிர வருவாள். "இது உறுதியா இருக்குமா?" என்று கேட்ட வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகைப்பாள். கையிலிருந்த துடைக்கும் துணியை மேசைமேல் வைத்துவிட்டு, சோபாவுக்கு முதுகைக் காட்டி நின்று, தொப்பென்று உட்காருவாள். சோபா ஒரு முறை முனகும். பிறகு அடங்கிவிடும்.

"என்னையே தாங்குது. உங்களைத் தாங்காதா?"

வாடிக்கையாளர் சிரிப்பார். சிரித்தவர் பையைத் திறப்பார். கடையில் எல்லோரும் அவளைச் சோபா அக்கா என்றே அழைத்தார்கள். அவளைவிட மூத்தவரான முதலாளிக்கும் அவள் அக்காதான்.

அடுத்தவர் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிட வேண்டும் என்பது அக்கா பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்ட வித்தை. பின்னால் இருந்து யாராவது 'யானை' என்று கத்துவதற்குள் இவளே முன்னால் போய் "வழி விடுங்க, யானை வருது" என்று சொல்லிவிடுவாள். கத்த வந்தவனுக்கு வாய் அடைத்துப்போகும். அந்த வித்தைதான் பிற்காலத்தில் சோறு போட்டது. போட்ட சோறு மறுபடியும் உடம்பிலேயே சேர்ந்தது. வியாபாரத்துக்கு அதுவும் நல்லதாகவே போயிற்று.

உடம்புக்குத்தான் நல்லதாக இல்லை. முழங்கால் இரண்டும் படியைக் கண்டாலே அழுதன. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. நின்ற மூச்சு திரும்ப வருகிறதா என்று பக்கத்தில் படுத்திருந்த கணவர் எண்ணிக்கொண்டே கிடந்து, காலையில் சிவந்த கண்ணோடு வேலைக்குப் போனார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கண் அசந்தால் ஆபத்தான வேலை. கடைசியில் அவர்தான் பிடிவாதமாக அவளை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். இரைப்பை ஒரு பெரிய பை. அதில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒல்லியான குழாய் மாதிரி தைத்துவிடுவார்களாம். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். எடை இறங்கும், சர்க்கரையும் கட்டுக்குள் வர வாய்ப்பிருக்கிறது. "ஆனா இது மந்திரம் இல்ல. ஆயுசுக்கும் சத்து மாத்திரை சாப்பிடணும், ஆயுசுக்கும் வாயைக் கவனிக்கணும். யோசிச்சு வாங்க" என்றார் டாக்டரம்மா.

ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிக்க அக்காவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதை ஊருக்குச் சொல்லலாமா என்று யோசிக்கத்தான் காலம் பிடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே விவாதம் ஆரம்பமாகிவிட்டது.

"சொன்னா என்ன ஆயிடும்?" என்றார் கணவர்.

"என்ன ஆயிடுமா? உங்க தங்கச்சி காதுல விழுந்தா போதும். 'வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டா'ன்னு தமுக்கு அடிச்சிடுவா."

"அவ அப்படிச் சொல்ல மாட்டா."

"சொல்லுவா. இதே வார்த்தையில சொல்லுவா. வேணும்னா பாருங்க."

கணவர் வராந்தாக் கோடியிலிருந்த லிஃப்டின் கதவைப் பார்த்தார். எந்த லிஃப்டைப் பார்த்தாலும் அதன் சத்தத்தில் குறை கண்டுபிடிப்பது அவர் பழக்கம்.

"சரி, அம்மா கேப்பாங்களே? உன் முதலாளி கேப்பாரே, எதுக்கு இத்தனை நாள் லீவுன்னு?"

"பித்தப்பையில கல்லுன்னு சொல்லிடுவோம். அதுக்கும் இதே மாதிரி வயித்துல ஓட்டை போட்டுத்தான் எடுப்பாங்களாம். யாரு உள்ள எட்டிப் பார்க்கப் போறா?"

நல்ல யோசனைதான். கல்லுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. கல் என்பது தானாக வருவது. கொழுப்பு என்பது நாமாகச் சேர்த்துக்கொள்வது. தானாக வந்ததற்கு அனுதாபம் கிடைக்கும். சேர்த்துக்கொண்டதற்குப் புத்திமதிதான் கிடைக்கும். அக்கா நாற்பது வருஷமாகப் புத்திமதி கேட்டு அலுத்தவள். ஒரு மாறுதலுக்கு அனுதாபத்தை ருசி பார்க்க ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

அனுதாபம் நன்றாகவே கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று முதல் பார்க்க வருகிறவர்கள் கூட்டம். மாமியார்தான் வரவேற்பு. சிக்கல் அங்கேதான் முளைத்தது.

"எங்கடா கல்லு?" என்று மகனைக் கேட்டார் மாமியார்.

"எந்தக் கல்லும்மா?"

"வயித்துலேர்ந்து எடுத்த கல்லு. பக்கத்து வீட்டுல எடுத்தப்ப பாட்டில்ல போட்டுக் குடுத்தாங்களே. நமக்குக் குடுக்கலையா? காசு வாங்கினாங்கல்ல, போய்க் கேட்டு வாங்கிட்டு வா!"

ஒரு பொய் சொன்னால் போதும் என்று நினைத்த கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரி வாசல் தோட்டத்தில் பூச்செடிகளைச் சுற்றிப் பரப்பியிருந்த கூழாங்கற்களில் சின்னதாக ஒன்றைப் பொறுக்கினார். காலி மருந்து பாட்டிலில் போட்டு, கொஞ்சம் தண்ணீரும் ஊற்றி மூடிக் கொண்டுவந்தார். மாமியார் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு பெரிசா? பாவம், இதை வச்சுக்கிட்டா நடமாடிக்கிட்டு இருந்தா?"

அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் தேநீருக்கு முன்னால் கல் காட்டப்பட்டது. பின்பு கூடத்துக் கண்ணாடி அலமாரியில், கணவர் பள்ளியில் ஓடி வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடமும் கிடைத்தது.

உள்ளே படுக்கையறையில் அக்கா வேறு உலகத்தில் இருந்தாள். ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர், பிறகு ஸ்பூன் ஸ்பூனாக நீர்த்த கஞ்சி. ஒரு வாய் அவசரப்பட்டால் நெஞ்சில் கல் வைத்த மாதிரி அடைத்து, குளியலறைக்கு ஓட வேண்டும். தலைமுடி சீப்போடு வந்தது. சாப்பாடு என்பது சந்தோஷம் என்று இருந்தவளுக்கு அது மருந்து என்று ஆனது. ஒரு நாள் கணவர் சாப்பிடும் தட்டைப் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

எடை இறங்கத் தொடங்கியது. முதலில் அது யார் கண்ணிலும் படவில்லை. பட்டதும், ஊருக்குப் பயம் வந்தது. "கல்லு எடுத்தா இவ்வளவு இளைக்குமா? வேற ஏதாவது இருக்கப் போகுது, நல்லா பாத்துக்கோ" என்று காதோடு சொன்னார்கள். ஆனால் அக்காவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. மூச்சு வாங்காமல் பேசினாள். படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினாள். சாகப்போகிறவள் இப்படி ஏறமாட்டாள் என்று உறுதியானதும் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் உரிமை வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் மாமியார். "எல்லாம் நான் குடுக்கிற வெந்நீர்தான். விடிஞ்சதும் ஒரு சொம்பு. வேற ஒண்ணுமே இல்ல."

அடுத்து எதிர்வீட்டு டிரில் மாஸ்டர். ஓய்வுபெற்று வருஷங்கள் ஆகியும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றாதவர். காலையில் பத்துப் பதினைந்து பேரைப் பூங்காவைச் சுற்றி நடக்க வைப்பார். டாக்டரம்மா நடக்கச் சொன்னதால் அக்காவும் அந்தக் கூட்டத்தின் வாலில் நடந்துகொண்டிருந்தாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காக்கை என்றைக்காவது ஒப்புக்கொண்டிருக்கிறதா?

ஒரு நாள் நடை முடிந்ததும் மாஸ்டர் விசில் ஊதிக் கூட்டத்தை நிறுத்தினார்.

"எல்லாரும் இங்க பாருங்க! இந்தத் தங்கச்சியைப் பாருங்க! எப்படி இருந்தாங்க, எப்படி ஆயிட்டாங்க! இதுக்குப் பேரு என்ன தெரியுமா? மன உறுதி!"

கைதட்டினார்கள்.

அக்கா மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் மன உறுதி என்ற சொல் அவள் பெயருக்குப் பக்கத்தில் அதுவரை வந்து நின்றதே இல்லை. சோம்பேறி வந்திருக்கிறது, அடங்காத வாய் வந்திருக்கிறது, 'முகம் லட்சணம்தான், உடம்புதான்' வந்திருக்கிறது. இந்தச் சொல் புதிது. காதில் தேனாகப் பாய்ந்தது. டாக்டரம்மா தடைசெய்த இனிப்புகளின் பட்டியலில் புகழ்ச்சி இல்லை.

"ஆமாங்க, கொஞ்சம் கட்டுப்பாடுதான்" என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்குப் பிடித்தது வினை. மறுநாளே இருவர் ஆலோசனை கேட்டு வந்தார்கள். அக்காவும் சொன்னாள்! பொழுது சாய்ந்தால் வாயைத் திறக்கக் கூடாது என்றாள். ஒவ்வொரு வாயையும் நூறு தரம் மெல்ல வேண்டும் என்றாள். 'பசிங்கிறது வயித்துல இல்ல, மனசுலதான் இருக்கு' என்றுகூட ஒரு நாள் சொன்னாள். சொல்லிவிட்டு, எங்கிருந்து வந்தது இந்த வாக்கியம் என்று தானே திகைத்தாள். பசி வயிற்றில்தான் இருந்தது என்பதும், அதை வெட்டி ஒரு தட்டில் எடுத்துப் போனார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாதா?

ரகசியத்துக்கு உண்மையான விலை கொடுத்தவர் கணவர். நாத்தனாரின் மகனுக்கு வேலை கிடைத்ததற்கு விருந்து வைத்தார்கள். நாத்தனார் தன் கையாலேயே பரிமாறினாள்.

"அண்ணி, நல்லா சாப்பிடுங்க. கல்லைத்தான் எடுத்தாங்க, வயித்தை எடுக்கலையே!"

அக்காவுக்குப் புரையேறியது. நாத்தனார் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நொடியில் அக்கா தட்டிலிருந்தது கணவர் தட்டுக்குப் போயிற்று. மறுபடி பரிமாறப்பட்டது, மறுபடி போயிற்று. அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். இதே கதை அடுத்தடுத்து எல்லா விருந்துகளிலும் நடந்தது. அக்கா இறங்கிய அளவுக்கு இல்லாவிட்டாலும் கணவர் கணிசமாக ஏறினார். "இவ இளைச்சுட்டா, நீ ஏண்டா ஊதுற?" என்று மாமியார் கேட்டபோது அவர் ஏப்பம் விட்டார்.

இதற்கிடையில் கடையில் முதலாளிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அக்கா இப்போது உட்கார்ந்தால் சோபா முனகுவதே இல்லை. ஒரு வாடிக்கையாளர் கேட்டேவிட்டார்: "உங்களைத் தாங்கும், சரி. எங்க மச்சான் வந்தா தாங்குமா?" முதலாளி சோபாக்களின் நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பத்து வருஷமாக உத்தரவாதச் சீட்டாக இருந்தவள், கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தால் எந்த முதலாளிக்குத்தான் மனம் பொறுக்கும்?

ஆனால் வியாபாரி மூளை சும்மா இருக்குமா? ஒரு வாரம் கழித்து மேல்மாடியில் சாப்பாட்டு மேசைகளை ஓரம் கட்டிவிட்டு நடைப்பயிற்சி மெஷின்கள் வந்து இறங்கின. நின்ற இடத்திலேயே நடக்கிற மெஷின். பக்கத்தில் ஆளுயரப் பலகை. அதில் இரண்டு படங்களுக்கு இடம்: ஒன்று, பழைய விளம்பரத்துக்காகச் சோபாவில் உட்கார்ந்து எடுத்த அக்கா. இன்னொன்றுக்கு இடம் காலியாக இருந்தது.

"ஏறி நில்லுங்க அக்கா. ஒரு போட்டோ."

"முதலாளி, நான் இதுல நடந்ததே இல்லையே."

"இப்ப நடங்க. நடந்த மாதிரி ஆயிடும்ல?"

"நடந்ததாலதான் இளைச்சேன்னு நினைப்பாங்களே."

"நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். நாம சொன்னோமா? நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம். சும்மா சிரிங்க. மத்ததைப் படம் பார்த்துக்கும்."

அக்கா ஏறினாள். சிரித்தாள். படம் எடுத்தாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். அவர் கைகளில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரு லிஃப்ட்டு எத்தனை பேரைத் தாங்கும்னு எழுதாம விட்டா, ஏறுறவன் யோசிச்சு ஏறுவான். அதிகமா எழுதி வச்சா, நம்பி ஏறுவான்" என்றார். "நீ இதுவரைக்கும் எழுதாமதான் விட்டிருந்தே."

"உங்க லிஃப்ட் தத்துவத்தைத் தூக்கிப் போடுங்க. முதல்ல அந்தத் தொப்பையைப் பாருங்க."

"அதுவும் நீ எழுதாம விட்டதால வந்ததுதான்" என்று அவர் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் முன்பெல்லாம் ஏதாவது சாப்பிடுவாள். இப்போது அதற்கும் வழியில்லாமல் பால்கனியில் போய் நின்றாள். தன் வயிற்றைப் பற்றி ஊருக்குச் சொல்லாமல் இருப்பது தன் உரிமை. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பூங்காவில் நூறு தரம் மெல்லச் சொன்னது? அது சொல்லாமல் இருப்பதில் சேருமா? இதை அவள் கொஞ்ச நாளாகவே மென்று பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்க முடியவில்லை.

மெஷின் நன்றாகவே விற்றது. அக்காவின் வேலை மேல்மாடிக்கு மாறியது. வாடிக்கையாளர் வந்தால் மெஷினில் ஏறி மெதுவாக நடக்க வேண்டும், அவ்வளவே. ஒரு சனிக்கிழமை ஒரு தம்பதி வந்தார்கள். கணவன் முன்னால், மனைவி படியில் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். அவளுக்கு அக்காவைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். உடம்பு, பழைய படத்திலிருந்த அக்காவின் உடம்பு.

கணவன் பலகையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"பாத்தியா? நல்லா பாரு. இவங்களும் உன்னை மாதிரிதான் இருந்திருக்காங்க. மனசு வச்சாங்க, இளைச்சாங்க. நீயும் இருக்கியே! உக்காந்த இடத்துல உக்காந்துக்கிட்டு, 'என்னால முடியல, என்னால முடியல'ன்னு."

மாடியில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பெண் சிரித்தாள். உரக்கவே சிரித்தாள்.

"நான் ஏறினா மெஷின் உடைஞ்சிடுங்க. அப்புறம் இந்தக் கடைக்காரங்கதான் பாவம்."

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு எங்கே தயாராகிறது, அதற்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும் என்று அந்த மாடியில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நடந்துகொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். இறங்கினாள்.

"மெஷின் இல்லீங்க" என்றாள்.

"என்னது?" என்றான் கணவன்.

"நான் இளைச்சது மெஷினால இல்ல. மனசு வச்சும் இல்ல. மனசு நானும் முப்பது வருஷமா வச்சுப் பார்த்தேன். ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். இரைப்பையில முக்கால்வாசியை வெட்டி எடுத்துட்டாங்க. இந்த மெஷின்ல நான் ஏறினது போட்டோவுக்கும் உங்களுக்குந்தான்."

கீழே இருந்து முதலாளி எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார்.

"சார், சார், அக்கா விளையாட்டுக்குச் சொல்றாங்க!"

"விளையாட்டு இல்ல முதலாளி. தழும்பைக் காட்டட்டுமா?"

முதலாளி இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். யாரும் எதையும் காட்டவில்லை என்று தெரிந்த பிறகே விரல்களை விலக்கினார்.

கணவன் மெஷினைச் சுற்றி ஒரு முறை நடந்தான். ஏமாற்றப்பட்ட மனிதனின் கோபத்தோடு முதலாளியைப் பார்த்தான்.

"அப்ப விலையில என்ன குறைப்பீங்க?" என்றான்.

அந்தப் பெண் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊர் வாய்க்கு மூடி கிடையாது. அக்கா வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் கூடத்தில் மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப இது என்ன கல்லு?"



"ஆஸ்பத்திரித் தோட்டத்துக் கல்லும்மா" என்றார் கணவர் கடைசியில்.

மாமியாருக்கு மருமகள் ஆபரேஷன் செய்துகொண்டதில் வருத்தமில்லை. தோட்டத்துக் கல்லைத் தெரு முழுக்கக் காட்டி, அதற்காக நாலு பேரோடு சேர்ந்து அழுதிருக்கிறாரே, அந்த அவமானம்தான் தாங்கவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அடுத்த வீட்டுக்காரியிடம் அவர் பேசிய குரல் அக்காவுக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது. "ஆபரேஷன் எல்லாருந்தான் பண்ணிக்கிறாங்க. எல்லாரும் இப்படியா தேறி வர்றாங்க? என் வெந்நீர் மட்டும் இல்லைன்னா அந்தப் புண்ணு ஆறியிருக்குமா?"

டிரில் மாஸ்டர் நம்பவே மறுத்துவிட்டார். பூங்காவில் அக்கா எல்லோர் முன்னாலும், தான் சொன்ன ஆலோசனைகளை யாரும் கேட்க வேண்டாம், அவை எல்லாம் வாய்க்கு வந்தபடி சொன்னவை என்று மன்னிப்புக் கேட்டாள். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தன்னடக்கம் நல்லதுதான் தங்கச்சி. அதுக்காக இப்படியா? ஆபரேஷன், அது இதுன்னு! நடந்தோம்னு பெருமையா சொல்லுங்க!" விசிலை ஊதினார். கூட்டம் நடந்தது. அவர்களில் இருவர், அக்கா இளைத்த ரகசியத்தை மறைப்பதற்காகவே ஆபரேஷன் கதை கட்டுகிறாள் என்று பின்னால் பேசிக்கொண்டு வந்தார்கள். பொய்யை நம்பினவர்கள் உண்மையைச் சந்தேகப்படுவார்கள் என்பதை அக்கா கணக்கில் எடுத்திருக்கவே இல்லை.

நாத்தனார் வந்தாள். வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே சந்தேகந்தான் அண்ணி. வாயைக் கட்ட முடியாம வயித்தை வெட்டிக்கிட்டீங்க, அவ்வளவுதானே?"

அக்கா கணவரைப் பார்த்தாள். கணவர் கூரையைப் பார்த்தார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் கல்லும், பாட்டிலும், விருந்துகளில் கைமாறிய தட்டுகளும். இப்போது வந்தேவிட்டது, ஒரு வார்த்தை மாறாமல். வந்து விழுந்ததைப் பார்த்தால் அப்படியொன்றும் பெரிய வாக்கியமாகத் தெரியவில்லை.

"ஆமா. கட்டித்தான் பார்த்தேன். அவிழ்ந்து அவிழ்ந்து போச்சு" என்றாள்.

நாத்தனாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "அந்த டாக்டரம்மா பேரென்ன? எனக்கில்ல. எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்கு."

முதலாளி என்ன செய்வார் என்றுதான் அக்காவுக்கு உண்மையான பயம். வேலை போய்விடும் என்றே நினைத்தாள். பலகையை இறக்கினார்கள், அக்காவை முதல் மாடியில் மெத்தைப் பிரிவுக்கு மாற்றினார்கள், அதோடு சரி. காரணம் சில நாட்களில் தெரிந்தது. முதலாளி வாடிக்கையாளர்களிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க கடையில பொய்யே கிடையாது சார். விற்பனை போனாலும் பரவாயில்லைன்னு உண்மையைச் சொல்ற ஆளுங்க வேலை செய்யுற இடம். வேணும்னா மாடியில அக்காவைக் கேட்டுப் பாருங்க."

மெஷினும் விற்றது, மெத்தையும் விற்றது. நேர்மைக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது தெரிந்திருந்தால் முதலாளி முன்பே ஆரம்பித்திருப்பார்.

ஒரு மழை நாளில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். சனிக்கிழமை வந்தவள். கணவனைக் கீழே சோபாக்களிடம் விட்டுவிட்டு, தலையணை பார்ப்பதாகச் சொல்லி மாடிக்கு வந்திருந்தாள். படி ஏறிய மூச்சு அடங்கும்வரை அக்கா அவளை ஒரு கட்டிலில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலிக்குமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். வலியைச் சொன்னாள். நெஞ்சடைப்பைச் சொன்னாள். கொட்டிய முடியை, தட்டைப் பார்த்து அழுததை, ஆயுசுக்கும் விழுங்க வேண்டிய மாத்திரைகளைச் சொன்னாள். இப்போது விடிந்ததும் உடம்பு காற்று மாதிரி இருப்பதையும் சொன்னாள். "சில பேருக்குக் கொஞ்ச வருஷத்துல எடை திரும்பி ஏறுதாம். எனக்கு எப்படியோ தெரியாது. உங்களுக்கு இது ஒத்துவருமாங்கிறதை டாக்டர்தான் சொல்லணும். வேணாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க. என் பேச்சைக் கேட்டுக் கத்திக்குக் கீழ போய்ப் படுத்துடாதீங்க."

அந்தப் பெண் கட்டில் விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"பண்ணிக்கிட்டா... வெளியில சொல்லணுமா?"

பூங்காவில் கேட்டவர்களுக்கெல்லாம் கேட்காததையும் சேர்த்துச் சொன்ன அக்காவுக்கு, இந்த ஒரு கேள்விக்கு நாக்கு புரளவில்லை. சொல்லுங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தக் கணவனின் முகம் நினைவுக்கு வந்தது. சொல்லாதீங்க என்று ஆரம்பித்தாள். அதையும் முடிக்க முடியவில்லை.

"தெரியலம்மா" என்றாள். "அது உங்க வயிறு. யாருக்குக் காட்டணும், யாருக்குக் காட்ட வேணாம்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஆனா பொய் மட்டும் சொல்லாதீங்க. பொய்க்குப் பசி ஜாஸ்தி. நான் கால் வயித்துக் கஞ்சி குடிச்சுக்கிட்டு அதுக்கு மூணு வேளையும் ஊட்டினேன்."

அந்தப் பெண் சிரித்தாள். இந்த முறை அது யாருக்காகவும் தயாரித்த சிரிப்பாக இல்லை. ஏதோ சொல்ல அக்கா பக்கம் குனிந்தாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. "எவ்வளவு நேரம்? ஒரு தலையணைக்கா?" என்று கணவன் தலை முதலில் தெரிந்தது.

அந்தப் பெண் சட்டென்று கைக்கு எட்டிய தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்கா எழுந்து அவனை நேராகப் பார்த்தாள்.

"தலை வைக்கிற சமாச்சாரமாச்சே சார். அவசரப்படுத்தாதீங்க. அவங்களே பார்த்து எடுக்கட்டும்" என்றாள்.